பேய் குடியிருக்கும் விடுதி

எம் கல்லூரி மாணவர் மன்றத்தார் ஆண்டுதோறும் வெளியிடும் மலருக்கு இம்முறை வந்த கதைகளுள் ஒன்று, மலர்க்குழுவினரிடையே ஒரு சிறு பூசலை விளைத்துவிட்டது. கதையை எழுதியவன் இறுதியாண்டு மாணவன்; இலக்கணத்திற் கெட்டிக்காரன்; இரவிலே படம் பார்ப்பதிலும் அத்துணைக் கெட்டிக்காரன் என்று கேள்வி.

கதை இதுதான். அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில், ஆள் நடமாட்டமற்ற புல்வெளியின் நடுவே ஒரு தங்கல் விடுதி. பனி பொழியும் இரவில், வண்டியின் அச்சு முறிந்த ஒரு குடும்பத்தினர், தந்தை, தாய், சிறுவர் இருவர், அங்கே ஒதுங்குகின்றனர். ஆளில்லாத மேல்மாடியிற் காலடியோசை கேட்கிறது. நள்ளிரவிற் குதிரைகள் வந்து நிற்கின்றன. இறங்குவோர் கொலைக்கஞ்சாக் கள்வர். பேயென்று அஞ்சப்பட்ட உருவம் குடும்பத்தார் பக்கம் நின்று கள்வரை விரட்டிவிடுகிறது. கிழக்கு வெளுக்கிறது; வண்டி புறப்படுகிறது.

குழுவிலிருந்த என் நண்பர் ஒருவர், நன்னூலும் தண்டியலங்காரமும் கற்பிக்குமிடத்தில் இடுப்பிலே துப்பாக்கி செருகிய குதிரைக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டுக் கதையை ஒதுக்கிவிட்டார். மற்றொருவர், மாணவன் ஆசையோடு எழுதியிருக்கிறான், விளையாட்டுக் கதைதானே, போடுவோம் என்றார். இருவர் கருத்தும் எனக்கு உடன்பாடன்று. எனினும் உடன்பாடின்மைக்குக் காரணம் வேறு வேறு.

முதலாவது நண்பருக்கு யான் சொன்ன விடை சுருக்கமானது. குடும்பமொன்று வழிநடந்து, ஆளற்ற நிலத்திலே பேயையுங் கள்வரையும் எதிர்ப்படுதல் தமிழுக்குப் புதிய பொருளன்று. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டம் தொடங்குவதே அவ்வாறுதான். கோவலனுங் கண்ணகியும் கவுந்தியடிகளும் கொடிய வெயிலிற் காட்டுவழி செல்கின்றனர். நீர்வேட்கையாற் பொய்கைக்குப் போன கோவலன்முன், வனத்திலுறையுந் தெய்வம் வயந்தமாலையின் வடிவங்கொண்டு வந்து காலில் விழுந்து கதை புனைகிறது. அவன் மந்திரத்தால் அதனை அகற்றுகிறான். அடுத்து அவர்கள் இளைப்பாறுமிடம் ஐயை கோட்டம். அஃது ஆறலைத்து உண்ணும் எயினர் வாழும் இடம். ஆக, பேயும் உண்டு, கள்வரும் உண்டு, தங்குமிடமும் உண்டு. அமெரிக்கப் புல்வெளியை எடுத்துவிட்டுப் பாலையை வைத்தால் மாணவன் கதை இளங்கோவடிகள் முற்றத்திலே வந்து நிற்கும். ஆகவே, அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவது பொருந்தாது.

ஆனால் இங்கேதான் இரண்டாவது நண்பரோடு எனக்குப் பிணக்கு. அடிகள் காட்டிலே பேயையுங் கள்வரையும் வைத்தவர், அவர்களால் அக்குடும்பத்துக்கு ஒரு தீங்கும் விளைவிக்கவில்லை. வனதெய்வம் போய்விடுகிறது. எயினர் கூட்டத்திலே தெய்வமேறப்பெற்ற சாலினி கண்ணகியைப் புகழ்ந்தே பேசுகிறாள். கோவலன் கொலையுண்ட இடம் காடன்று. மதில் சூழ்ந்த மதுரை. அவனைக் கொல்வித்தவன் வழிப்பறிக்காரனல்லன். அரண்மனைக்குப் போய்வரும் பொற்கொல்லன். கட்டளை பிறந்தது அரசன் வாயிலிருந்து. காட்டுக்கு அஞ்சிய வாசகனை நாட்டுக்கு அஞ்சச் செய்வது அந்நூல். மாணவன் கதையிலோ விடுதிக்கு வெளியே ஒரு நாடே இல்லை. பேயும் கள்வரும் ஒருவரையொருவர் விரட்டி முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அதனை விளையாட்டு என்று விடலாமே என்பார்க்குச் சொல்கிறேன்: அத்தகைய விடுதி உண்மையில் உண்டு. அதன் வரலாற்றை யான் அறிந்தவாறு மாணவனுக்கு எடுத்துரைத்தேன். வாசகருக்கும் உரைப்பதிற் குற்றமில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்து வடபகுதியிலே, மலையடிவாரத்தில், சிமரொன் என்றோர் ஊர் இருக்கிறது. மிசூரியிலிருந்து சாந்தா ஃபே நகருக்கு வண்டிச்சாத்துகள் சென்ற பெருவழியின் மலைக்கிளை அவ்வூர் வழியே போயிற்று. அயலிலுள்ள மொரேனோப் பள்ளத்தாக்கிற் பொன் கண்டுபிடிக்கப்படவே, எலிசபெத்ரவுண் என்னும் சுரங்கக்காரர் ஊர் ஒரே மூச்சில் எழுந்தது. பொன் தேடி வந்தவருள் ஒருவர் ஆன்றி லம்பேட் என்னும் பிரெஞ்சுக்காரர், தொழிலாற் சமையற்காரர். இலிங்கன் முதலிய பெருமக்களுக்குச் சமைத்தவர் என்பது விடுதிக்காரர் சொல்லும் பெருமை. அதனை அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மண்ணைக் கிண்டுவதிலும் மண்ணைக் கிண்டுவோர்க்குச் சோறிடுவதே வருவாய் என்று கண்ட அவர், 1872இற் சிமரொனில் ஒரு மதுச்சாலையைத் திறந்தார். 1880ஆம் ஆண்டளவில் அதனை விரித்து அறைகள் கட்டி விடுதியாக்கினார். சென் ஜேம்ஸ் விடுதி என்று இன்று பெயர் பெற்றது அதுவே.

அம்மதுச்சாலையில் இருபத்தாறு பேர் சுடப்பட்டு இறந்தனர் என்பது வழங்கும் கணக்கு. தகரத்தாலான முகட்டிலே குண்டு துளைத்த துவாரங்களை உணவருந்த வருவோர்க்குக் காட்டுவர். மேல்மாடியில் 18ஆம் இலக்க அறை, ரி. ஜே. றைற் என்பவனுடைய ஆவிக்குரியதாம். சூதாட்டத்திலே அவ்விடுதியையே வென்றெடுத்தவன், வென்ற பொருளைக் கையிலெடுக்குமுன் முதுகிற் சுடப்பட்டு அவ்வறையில் இறந்தான் என்பது கதை. நெடுங்காலமாக எவர்க்கும் வாடகைக்கு விடப்படாத அறை என்பதே அதன் புகழ். அதற்கு அயலறை லம்பேட்டின் மனைவி மேரியம்மையாருடையது. அங்கே சிலவேளை உரோசாப்பூ மணம் கமழுமென்பர். ஆக, குடும்பம், பேய், கள்வர், விடுதி நான்கும் ஓரிடத்தில் அமைந்துவிட்டன. மாணவன் இதனைக் கேட்டபோது அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும்.

எனக்கு அங்கே மயிர்க்கூச்செறியச் செய்தது ஆவியன்று. லம்பேட்டின் மைந்தர் பிற்காலத்திற் கூரையைப் பழுதுபார்த்தபொழுது, மதுச்சாலைக்கு மேலுள்ள பலகையில் நானூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்திருக்கக் கண்டனராம். எண்ணிக்கை கதைசொல்வோர் வாயில் வளர்ந்திருக்கலாம். ஆனால் அதனோடு சேர்த்து இன்னொன்றும் சொல்கின்றனர்: கனத்த மரப்பலகை அங்கே இரட்டையாய்ப் பரப்பப்பட்டிருந்ததனால், மேல்மாடியில் உறங்கியவர் எவரும் சாகவில்லையாம்.

இரட்டைப் பலகை! தச்சனை அழைத்து, ஒரு பலகை போதாது, மேலே இன்னொன்று வை என்று சொன்ன மனிதனை எண்ணிப் பாருங்கள். கீழே மது விற்பவன் அவன். குடித்தவன் சுடுவான் என்று அறிந்தவனும் அவன். மேலே தன் மனைவி மக்களையும் வழிப்போக்கரையும் படுக்கவைப்பவனும் அவன். துப்பாக்கியை வாயிலில் வைத்துவிட்டு வா என்று சொல்ல அவனால் இயலாது. சொன்னால் வணிகம் நடவாது. பலகையை இரட்டிக்க இயலும். அவனை நான் பழிக்கவில்லை. ஆயினும் பழையனூர் நீலி கதையை நம்மவருள் அறியாதார் யார்? மனைவியென்று வந்தவள் பேயென்று வணிகன் அஞ்சி நடுங்கியபோது, உனக்கு ஏதம் வரின் எம் உயிரைத் தருவோம் என்று வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபதின்மர், அவன் இறந்துபட்டமை அறிந்து தீப்பாய்ந்தனர். பேய்க்கதையென்று பாட்டிமார் சொல்லும் அக்கதையின் உயிர் பேயிலில்லை. அடைக்கலம் புகுந்தவனுக்கு ஊர் கொடுத்த சொல்லில் இருக்கிறது. சிமரொன் விடுதியிலே தங்கினவனுக்கு யார் என்ன சொல் கொடுத்தார்? பலகை கொடுத்தார்கள்.

இனிக் கள்வருக்கு வருவோம். இவ்விடுதியோடு சேர்த்துப் பேசப்படும் கொலைஞருட் பெயர் பெற்றவன் கிளே அலிசன் என்னும் மாட்டுப்பண்ணைக்காரன். 1874 சனவரியில், அதே கொல்பக்ஸ் கவுண்டியிலுள்ள கிளிப்ரன் விடுதியில், தன்னைக் கொல்ல வந்தவனென்று தெரிந்தே ஒருவனுடன் ஒரே மேசையிலிருந்து உண்டான். உண்டு முடியுந் தறுவாயில் அவன் துப்பாக்கியெடுக்க, இவன் சுட்டுக் கொன்றான். வெறும் வயிற்றோடு ஒருவனை நரகுக்கு அனுப்ப விரும்பவில்லை என்று பின்னர் சொன்னானாம். இத்தகைய பேச்சுக்களாலேதான் கொலைகாரர் கதைத்தலைவராகின்றனர். விருந்தோம்பலைப் பற்றிக் குறளில் ஓர் அதிகாரமே பயின்ற மாணவன் இதைக் கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன் என்பதை மறைப்பானேன்.

1875 நவம்பர் 1ஆம் திகதி, லம்பேட்டின் மதுச்சாலையிலேயே பிரான்சிஸ்கோ கிரியேகோ என்பவனை அலிசன் சுட்டான். இருவரும் சேர்ந்து வந்தனர், குடித்தனர், மூலையொன்றில் நின்று பேசினர், குண்டோசை கேட்டது, விளக்கணைந்தது, உடல் மறுநாட் காலையிற் கிடந்தது என்பர். விடுதிக்கு வருவோர் இதனைக் கேட்டு, முகட்டுத் துவாரங்களை அண்ணாந்து பார்த்து, மகிழ்ந்து போவர். ஏன் சுட்டான் என்று கேட்பார் குறைவு. கேட்டால் கதை விடுதியை விட்டு வெளியே போய்விடும்.

கேட்டுப் பார்ப்போம். இரண்டு நாளைக்கு முன், ஒக்ரோபர் 30ஆம் திகதி, குரூஸ் வேகா என்பவனை ஒரு கூட்டம் தந்திக் கம்பத்திலே தூக்கிக் கொன்றது. அக்கூட்டத்தில் அலிசன் இருந்தான். வேகா கிரியேகோவுக்கு வேண்டியவன். அதனாலேதான் கிரியேகோ நியாயங் கேட்க வந்தான். வேகாவை ஏன் தூக்கினர்? ரொல்பி என்னும் மெதடிஸ்த போதகரைக் கொன்றவன் என்ற ஐயத்தினால். ரொல்பி 1875 செப்டெம்பரிற் சிமரொன் மலையிடுக்கிலே சுடப்பட்டுக் கிடந்தார். அவர் குதிரையும் பொருளும் தொடப்படாமல் இருந்தன. வழிப்பறிக்காரர் வேலை அன்று என்று ஊர் உணர்ந்தது அதனாலே. அப்போதகர் செய்த குற்றம், நிலத்திற் குடியிருந்த ஏழைகளின் பக்கம் நின்று பெரியதொரு கொம்பனிக்கு எதிராகப் பேசியமையே.

அந்நிலத்தின் கதைதான் நான் மாணவனுக்குச் சொல்ல விரும்பியது. 1841இல், அந்நாடு மெக்சிக்கோவின் ஆட்சியிலிருந்தபோது, தேசாதிபதி ஆர்மிகோ என்பவர் போபியன், மிராண்டா என்னும் இருவருக்கு ஒரு நிலக்கொடை வழங்கினார். எல்லை, அந்த ஆறு, இந்த மலை, அந்தக் குன்று என்று வாய்போன போக்கில் எழுதப்பட்டது. அன்றைய மெக்சிக்கோச் சட்டத்தின்படி ஒருவர்க்குப் பதினொரு சதுர லீக் அளவே உச்சம். இருவர்க்குமாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 97,000 ஏக்கர். பின்னர் போபியனின் மருமகன் லூசியன் மக்ஸ்வெல் அதனை ஒருங்கே தன் கைப்படுத்தி, 1870இற் பிரித்தானிய முதலாளிமாருக்கு விற்றார். ஒல்லாந்தர் பணமும் வந்து சேர்ந்தது. கொம்பனியார் அளந்தபொழுது நிலம் 97,000 ஏக்கராக இல்லை. பதினேழு இலட்சத்துப் பதினாலாயிரம் ஏக்கருக்கு மேலாக இருந்தது! எம் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட பரப்பு. 1879இல் அரசாங்கம் உறுதி வழங்கியது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 1887இல் அக்கணக்கே சரியென்று தீர்ந்தது.

தலைமுறைகளாக வாய்க்கால் வெட்டி மிளகாயும் சோளமும் பயிரிட்ட மெக்சிக்கோக் குடிகள், சுரங்கத்திற் கூலிவேலை செய்தவர், அரசநிலம் என்று நம்பி வேலி கட்டியவர் எல்லாரும் ஒரே தீர்ப்பில் அத்துமீறிக் குடியேறியோர் ஆயினர். அவர்களுக்கு முன்னரே அம்மலைகளில் வாழ்ந்த யூட் மக்களும் ஜிக்கரில்லா அப்பாச்சியரும் எவரிடமும் எதையும் விற்றவரல்லர். சிமரொனிலிருந்த மா அரைக்கும் ஆலை வாயிலிலே நின்று பங்கீட்டு உணவு பெறும் நிலைக்கு வந்த அவர்கள், 1876இல் அங்கிருந்த அரச அலுவலகம் மூடப்பட்டதும் அவ்விடத்தையும் இழந்தனர். ஜிக்கரில்லா மக்களுக்கென்று நிலையானதொரு நிலம் ஒதுக்கப்பட்டதும் 1887இலேதான். அதுவும் தம் பழைய மலைகளிலன்று, மேற்கே தொலைவில்.

இப்பொழுது முகட்டுத் துவாரங்களை மீண்டும் அண்ணாந்து பாருங்கள். எல்லாத் துவாரமும் நிலத்துக்காக விழுந்தவை என்று சொல்லேன். குடிவெறியிலும் சூதாட்டத்திலும் விழுந்தவையே பல. ஆனால் கிரியேகோவின் கொலை அந்த உறுதிப் பத்திரத்தின் ஓரத்திலே தெறித்த இரத்தம். அதனை வெட்டியெடுத்து, தலையுங் காலுமில்லாத துணுக்காக்கி, பேய் என்று பெயரிட்டு, விருந்தினர்க்குக் காட்டிப் பொருளீட்டுகின்றனர். கள்வர் என்று நாம் அறிந்தவர் அனைவரும் குதிரையில் வந்தவர். அளவுச் சங்கிலியோடு வந்தவர்க்கு அப்பெயர் கிடைக்கவில்லை. கோவலன் கதையிலும் கள்வன் என்ற பெயர் யாருக்குக் கிடைத்தது, சிலம்பு யாரிடம் இருந்தது என்பதை மாணவன் பாடம் கேட்டிருக்கிறான்.

இன்னொரு விடுதியைப் பற்றியும் சொல்லாது விட மனமில்லை. எலிசபெத்ரவுணுக்கு அயலே, பாலோ பிளெச்சாடோ கணவாயின் அடியில், சாள்ஸ் கெனடி என்பவன் ஒரு மரக்குடிலில் வழிப்போக்கர்க்கு உணவும் படுக்கையும் கொடுத்து வந்தான். தனியே வந்தவரிற் பலர் மறுபடி வெளியே செல்லவில்லை. வந்த ஒருவன், இப்பக்கத்திற் செவ்விந்தியர் உளரா என்று கேட்க, கெனடியின் சிறுமகன், தரைக்குக் கீழே அப்பா புதைத்தவனின் நாற்றம் உமக்கு வரவில்லையா என்று சொல்லிவிட்டானாம். விருந்தினனையும் கொன்று, சொன்ன பிள்ளையையும் கொன்றான் தகப்பன். அவன் குடித்து மயங்கியதும் மனைவி குடிலிலிருந்து தப்பி, குளிரிரவில் மலைப்பாதை நடந்து எலிசபெத்ரவுண் மதுச்சாலைக்குள் வந்து விழுந்து உண்மையைச் சொன்னாள். அவள் யூட் குலத்தவள் என்பது கதை. நடந்தது 1870இல்.

வழக்குத் தொடங்கியும் முடிவு காணாதிருக்க, ஒரு கூட்டம் கெனடியை இழுத்துச் சென்று கொன்றது. அலிசன் அவன் தலையை வெட்டிச் சிமரொனுக்குக் கொண்டுபோய் லம்பேட்டின் வாயிலிற் குத்திவைத்தான் என்று கதைசொல்வர். லம்பேட் அங்கே கடை திறந்தது 1872இல் அன்றோ? தலை இரண்டாண்டு காத்திருந்தது போலும்! கதை ஓடுகிற ஓட்டத்தில் ஆண்டைக் கேட்பாரில்லை. அலிசனின் பெயர் வரவேண்டும், விடுதியின் பெயர் வரவேண்டும்; வந்துவிட்டன. பிள்ளையின் பிணத்தை விட்டுவிட்டு இருளில் நடந்தவள் அத்தோடு கதையிலிருந்து மறைகிறாள். சூதாடியின் ஆவிக்கு இலக்கமிட்ட அறையொன்று உண்டு. அவளுக்கு ஒரு முக்காலி கூட எவரும் வைக்கவில்லை.

பேயுங் கள்வரும் ஒரு குடும்பத்துக்கு எதிர்ப்படுங் கதை வேண்டுமாயின், இதோ இருக்கிறது என்று மாணவனிடம் சொன்னேன். உன் கதையிற் பேய் வந்து காப்பாற்றுகிறது; இங்கே யார் வந்தார்? உன் கதையில் தாய்க்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறாய், அதுவும் 'ஐயோ' என்பது. மாணவன் ஒன்றும் பேசவில்லை. கதைத்தாளை மடித்து வாங்கிக்கொண்டு போனான். மனம் புண்பட்டுப் போனானோ, இனி எழுதாமல் விட்டுவிடுவானோ என்று இரண்டு நாள் எனக்கு உறுத்தலாயிருந்தது. ஆசிரியத் தொழிலில் இவ்வுறுத்தல் முப்பதாண்டு சென்றும் நீங்குவதில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தான். விடுதி அதே விடுதி. பனி அதே பனி. ஆனால் இப்பொழுது இரவில் தாய் உறங்காமல் தரைப்பலகையை விரலாற் தடவிப் பார்க்கிறாள். காலையில் விடுதிக்காரனிடம், இங்கே மட்டும் பலகை ஏன் இரட்டையாக இருக்கிறது என்று கேட்கிறாள். அவன் விடை சொல்லாமற் கோப்பையைத் துடைக்கிறான். ஆவி வருகிறது, யாரையும் விரட்டவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது. கள்வரென்று பயந்தவர், நிலத்திலிருந்து எழுப்பப்பட்ட இரண்டு குடியானவர். கையிற் கடிதவுறையோடு நல்ல உடுப்பணிந்து முன்மேசையிலிருந்து காலையுணவு உண்பவனை ஒருவரும் கவனிக்கவில்லை, வாசகன் கவனிக்கிறான்.

அதனை மலர்க்குழுவுக்கு என் கையாலேயே கொடுத்தேன். என் முதல் நண்பர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒற்றுப்பிழை மூன்றினைச் சிவப்பு மையினாற் சுழித்துக் காட்டினார். அவற்றுள் இரண்டு என் கண்ணுக்குத் தப்பியவை.